பாய் விரிக்கும் பூக்கள்!

மணி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? பள்ளிக்கூடம் விடும் மணிதானே! சத்தமே போடாத மணி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'கம்பானுலா'. லத்தீன் மொழியில் 'குட்டி மணி' என்று அர்த்தம். இதில் பல வகைகள் உண்டு. குரோஷியா நாட்டின் டால்மேஷியா மலைப்பகுதியில் வளரும் ஒரு வகை, ஒரு சாண் உயரம்கூட நிமிராது. பாறை இடுக்கில் வேர் விட்டு, பாய் விரித்தாற்போல் படரும். பூக்கும் காலத்தில் ஊதா நிறப் பூக்கள் இலையையே மறைத்துவிடும்.

இதைக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் வளர்க்க முடியுமா? கஷ்டம்தான். அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும். குலசேகரத்திலோ இரண்டு பருவமழை. மழை விட்டால் வெக்கை. இரண்டும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும்.

ஆனால், தரையில் பாய் விரிக்கும் செடிகள் அங்கேயும் உண்டு. திற்பரப்பு அருவிக்குப் போகும்போது ரப்பர் தோட்டங்களைக் கவனியுங்கள். புதிதாகக் கன்று நட்ட தோட்டங்களில் தரையே தெரியாமல் ஒரு கொடி மூடியிருக்கும். களை என்று நினைத்துவிடாதீர்கள்! வேண்டுமென்றே வளர்ப்பதுதான். பியூரேரியா, முக்குனா என்பவை அவற்றில் சில. வெறும் சரிவில் மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடிவிடும். கொடி மூடியிருந்தால் துளி முதலில் இலையில் விழும். பிறகு மெதுவாக மண்ணில் இறங்கும். இவை பயறு வகைச் செடிகள். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. மரங்கள் வளர்ந்து நிழல் கூடினால் கொடி தானாகவே மெலிந்துவிடும்.

சரி, உங்கள் வீட்டு முற்றத்துக்கு? விஷ்ணுகிராந்தி இருக்கிறதே! கேரளத்தில் 'தசபுஷ்பம்' என்று சொல்லும் பத்துச் செடிகளில் இதுவும் ஒன்று. புல்வெளியில் தரையோடு தரையாகப் படர்ந்து, காலையில் குட்டி நீலப் பூக்களை விரிக்கும். மதியத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது, மூடிக்கொள்ளும். மணிப்பூவுக்கு இது சொந்தமில்லை, நிறம்தான் ஒற்றுமை.

இதைவிடப் பெரிய நீலப் பூ வேண்டுமா? இதே இனத்தைச் சேர்ந்த, தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி நர்சரிகளில் கிடைக்கும். விரல் நீளத்துக்குத் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடித்ததும் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் பாத்தியைச் சற்று மேடாக்குங்கள்.

மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா மட்டும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மற்ற சிறு செடிகளை மூடி அழித்துவிடும். பிடுங்கி வாய்க்கால் ஓரத்தில் எறிந்தாலும், ஒரு கணு போதும்... அங்கேயே வேர் விட்டுவிடும்!