சோம்பலா, சோகையா?

காலையில் எழுந்ததுமே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. பள்ளிக்கூட மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. இரண்டாவது பாடவேளையிலேயே கண் செருகுகிறது. இப்படிப்பட்ட மாணவனுக்கோ மாணவிக்கோ வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்கும் பட்டம் என்ன? "சோம்பேறி!" நண்பர்களே, அந்தப் பட்டத்தைக் கொடுக்குமுன் ஒன்று கேட்போம். குறை மனத்திலா, இரத்தத்திலா?

திருவிழாவில் கண் விழித்தாலும், வெயிலில் ஓடியாடினாலும் யாருக்கும் களைப்பு வரும். நன்றாகத் தூங்கி எழுந்தால் அது போய்விடும். ஓய்வெடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரங்களாக விடாத களைப்பு வேறு வகை. அதற்குக் காரணம் தேட வேண்டும். வளரும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் காரணம் இரத்தசோகை.

இரும்பு செய்யும் வேலை

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் உருவாகாது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. அது குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. பிறகு களைப்பு வராமல் என்ன செய்யும்?

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அது அழிந்ததும் அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துகிறது. ஆனால் வளரும் வயதில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் இரும்பு வெளியேறுகிறது. ஆகவே தேவையும் கூடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் 31 பேருக்கும் சோகை இருந்தது. இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று சொல்லலாமா?

அடையாளங்கள் எவை? கீழ் இமையின் உட்புறமும் நாக்கும் நகமும் வெளுத்திருக்கும். படபடப்பு, தலைசுற்றல், கவனக்குறைவு உண்டாகும். சிலர் பச்சரிசி, பலப்பம், மண் இவற்றைத் தின்ன ஆசைப்படுவார்கள். இவை ஐயத்தை எழுப்பும். உறுதி செய்வது இரத்தப் பரிசோதனைதான். 12 முதல் 14 வயதில் 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அது சோகை.

கரிசல் காட்டுச் சாப்பாடு

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் கரிசல் வட்டாரத்து ஊர். கம்பும் சோளமும் பயறும் கரிசலுக்குப் பழகிய பயிர்கள். 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியிலோ ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பங்கூழ் போய் மூன்று வேளையும் சோறு வந்தபோது, நம்மை அறியாமலே இரும்பும் தட்டிலிருந்து குறைந்தது.

ஆனால் ஒரு சங்கதி. தட்டில் இருக்கும் இரும்பு முழுவதும் இரத்தத்துக்குப் போய்விடாது. இறைச்சி, மீன் இவற்றின் இரும்பு எளிதில் சேரும். தானியம், பயறு, கீரை இவற்றின் இரும்பில் சிறு பங்கே சேரும். தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கூழைப் புளிக்க வைப்பதாலும், பயற்றை முளைகட்டுவதாலும் இந்தப் பிடி தளர்கிறது. வைட்டமின் சியும் இரும்பு சேர உதவுகிறது. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். முருங்கைக்கீரையையோ பயற்றையோ இறக்கி வைத்த பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். நெல்லிக்காயும் கொய்யாவும் இதே உதவியைச் செய்யும்.

உதவுவது எலுமிச்சை என்றால், கெடுப்பது எது? தேநீர்! விசைத்தறிகள் ஓடும் இந்த ஊரில், வேலைக்கு நடுவே தேநீர் குடிப்பது வழக்கம். குடிக்கட்டும்; சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். காரணத்தை நீங்களே பார்க்கலாம். பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில், பால் கலக்காத தேநீரில் அன்னபேதி உப்புக் கரைசலைச் சில சொட்டுகள் விடுங்கள். தேநீர் மை போலக் கறுக்கும். தேயிலையிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டது! வயிற்றிலும் இதுதான் நடக்கிறது. (சோதனைத் தேநீரைக் குடித்துவிடாதீர்கள்.) சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

இரும்பு மட்டும் போதுமா?

போதாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களுக்கு ஏன் கடுஞ்சோகை வருகிறது என்று ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான், பின்னர் 1941இல் பசலை இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்தது. கீரை வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது, பார்த்தீர்களா?

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் மாத்திரைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக விழுங்கக் கூடாது. வீட்டில் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவும் கூடாது. அளவு மீறிய இரும்பு நஞ்சு.

குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் உள்ளே வருகிறது. கழிப்பறைக்கும் காட்டுக்கும் செருப்பு அணிந்து செல்லுங்கள். பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

தூக்கமும் ஓர் ஆகாரமே. உங்கள் வயதில் இரவு 8 மணி நேரமாவது தூங்க வேண்டும். கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருப்பவருக்கு எந்தக் கீரையும் உதவாது.

இவற்றையெல்லாம் செய்தும் களைப்பு நீங்கவில்லையா? மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டுக் குறை, நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு இவையும் களைப்பாகத்தான் தலைகாட்டும். சோகை முற்றியிருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

உங்கள் வகுப்பில் எப்போதும் மேசையில் தலைசாய்த்திருக்கும் தோழி யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரைக் கேலி செய்யாமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு சொட்டு இரத்தமும் சில நிமிடங்களுமே தேவை.