உஷார்! சக்கரம் முனகுகிறதா?

வேகம் அறுபதைத் தொட்டதும் காரின் அடியிலிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு முனகல். எண்பதில் அதுவே உறுமல். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடுகிறது. “டயர் பழசு, ரோடு சரியில்லை” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒலி 96.8-இன் சத்தத்தைக் கூட்டிவிடுகிறீர்களா? உஷார்! சக்கரத்தின் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கலாம். பேரிங் தேய்ந்தால் எரிவதற்கென்று டாஷ்போர்டில் தனி விளக்கு கிடையாது. பெரும்பாலும் அந்த முனகல்தான் முதல் எச்சரிக்கை.

சிங்கப்பூரில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. ஞாயிறு மாலை தேக்காவிலிருந்து முஸ்தஃபா வரை சிராங்கூன் சாலையில் ஊர்ந்துபோகும் காரில் கெட்ட பேரிங்கும் வாய் திறக்காது. தீவு விரைவுச்சாலையில் ஏறி வேகம் பிடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் நீண்ட சுரங்கத்தில் நல்ல டயரின் இரைச்சல்கூடச் சுவரில் மோதிப் பெரிதாகக் கேட்கும். அங்கே கேட்டதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பேரிங்குக்குள் எஃகுக் குண்டுகள், கிரீஸ், அதைக் காக்கும் சீல், அவ்வளவுதான். சாலையோரக் கல்லில் சக்கரத்தை இடிப்பதும் கடற்பாலம் தாண்டிப் போகும்போது பள்ளத்தில் வேகமாக இறங்குவதும் குண்டுகள் ஓடும் தடத்தில் வடுவை உண்டாக்கும். சீல் வழியே தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெடும். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டையே மூழ்கடித்தது போன்ற திடீர் வெள்ளத்தில் கார் சிக்கினால், இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அடுத்த சில வாரங்கள் சக்கரங்களுக்கும் காது கொடுங்கள்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? பேரிங்கில் ஆட்டம் கூடும்போது பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து ஆடி, பேடைப் பின்னுக்குத் தள்ளும். பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். ஏபிஎஸ் சென்சார் குழம்பும். சூடு ஏறி கிரீஸ் வெளியேறினால் சக்கரம் இறுகிப் பிடிக்கலாம். முற்றிய நிலையில் கழன்றும் போகலாம். சக்கர மையத்தில் வரும் கோளாறு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சான்று: 2022 ஜூனில் டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் மின்கார்களில் சுமார் 2,700-ஐத் திரும்ப அழைத்தது. அங்கே பழுது பேரிங்கில் அல்ல, ஹப் போல்ட்டுகளில். ஆனால் சக்கரம் கழன்றுவிடும் ஆபத்து இருந்ததால், அந்தக் கார்களை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னார்கள்.

காதால் கண்டுபிடியுங்கள்

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். அப்போதும் அந்தச் சத்தம் வந்தால் சந்தேகம் இஞ்சின் பக்கம். கார் ஓடும்போது மட்டும், வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சக்கரப் பக்கம்.

விரைவுச்சாலையின் வளைந்த இணைப்புச் சாலையில் கவனியுங்கள். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். வலப்புறம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். இதற்காக நெரிசலில் காரை நெளித்து ஓட்ட வேண்டாம்.

சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைச் சந்தேகியுங்கள். டயரின் மேல் கையால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் இப்படியே இரையும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்ஸில் மூட்டைப் பாருங்கள். முன்னால் கேட்பது பின்னாலிருந்தும் வரலாம். அதனால் கூட வருபவரைப் பின் இருக்கையில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

கையால் பார்ப்பதென்றால்

சமதளம், கைபிரேக், மற்ற சக்கரங்களுக்கு அணை, ஜாக்கியோடு தாங்கு ஸ்டாண்டு. இவை இல்லாமல் காரைத் தூக்காதீர்கள். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் தூக்கவே கூடாது. இஞ்சின் அணைந்திருக்க வேண்டும். காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘கடக்’ என்று ஆடினால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கலாம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் இணைப்பைப் பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டமே இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் முனகல் மட்டுமே இருக்கும்.

“இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிடுச்சே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3 முதல் 10 வயதுள்ள காருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டியதற்கு ஆண்டுதோறும்தான் சோதனை. உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் பழைய காரின் பேரிங் அந்தத் தேதிவரை காத்திருக்காது.

மெல்லிய முனகல் மட்டும் என்றால் இந்த வாரத்துக்குள் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ நம்பிக்கையான வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். எந்தச் சக்கரம் என்று உறுதிசெய்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கினார்களா என்றும் கேளுங்கள். அதற்கு முன் ஜோகூர் பயணம் வேண்டாம்.

ஆட்டம், அரைபடும் சத்தம், ஏபிஎஸ் விளக்கு, ஆழமாக இறங்கும் பெடல், ஒரே சக்கரத்தில் மட்டும் கடும் சூடு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காரை ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி இலவசமாகவே இழுத்துச் செல்லும்.