டாலரும் ரிங்கிட்டும் வெள்ளியும்

டாலர் என்பதைப் பலரும் அமெரிக்கச் சொல்லென்றே எண்ணுகின்றனர். ஐக்கிய அமெரிக்கா 1792ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் நாணயத்தை வகுத்துக்கொள்வதற்கு இரண்டரை நூற்றாண்டுகட்கு முன்னரே அச்சொல் ஐரோப்பாவில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டது.

இன்றைய செக் நாட்டின் பகுதியான பொகீமியாவில், வெள்ளிச் சுரங்கத்தை அடுத்து 1516ஆம் ஆண்டில் ஓர் ஊர் எழுந்தது. மரியன்னையின் தந்தையாகிய புனித யோவாக்கிம் பெயரால் அதனை யோவாக்கிம்ஸ்தால் என்றனர். ‘தால்’ என்பது ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. 1520ஆம் ஆண்டளவில் ஷ்லிக் என்னும் பிரபு குடும்பத்தார் அங்கே ஏறத்தாழ 29 கிராம் எடையுள்ள காசுகளை அடித்தனர். ஒருபுறம் யோவாக்கிம் உருவம். மறுபுறம் பொகீமியச் சிங்கம். பெரிய வெள்ளிக் காசு அப்போது புதுமையன்று; திரோல் நாட்டில் 1486ஆம் ஆண்டிலேயே ஒன்று வெளிவந்தது. ஆயினும் யோவாக்கிம்ஸ்தால் காசு மிகப் பெருவாரியாகப் பரவியமையால் அதன் பெயரே நிலைத்தது.

அக்காசினை ‘யோவாக்கிம்ஸ்தாலர்’ என்றனர். நீண்ட பெயரை மக்கள் நா பொறுக்குமா? முற்பகுதியை உதிர்த்துத் ‘தாலர்’ என்றாக்கினர். புனிதர் போனார், பள்ளத்தாக்கு மட்டும் எஞ்சியது! டச்சுக்காரர் ‘டால்டர்’ என்றனர். ஸ்காண்டிநேவியர் ‘டாலர்’ என்றனர். இத்தாலியர் ‘தாலெரோ’ என்றனர். ஆங்கிலேயர் வாயில் அது ‘டாலர்’ ஆகி, பின்னர் ஸ்பானியரின் எட்டு ரியால் வெள்ளிக் காசுக்கும் பெயராயிற்று.

இதனை இடவாகுபெயர் என்று கூறிவிடத் தோன்றும். அது பொருந்தாது. ஊர்ப்பெயர் விகுதி ஏதுமின்றிக் காசுக்கு ஆகி வந்திருப்பின் ஆகுபெயராம். இங்கோ, ‘அவ்விடத்தது’ என்னும் பொருள் தரும் ‘அர்’ விகுதி ஒட்டியுள்ளது. நம் இலக்கணப்படி இடப்பெயரடியாகப் பிறந்த பகுபதம் என்பதே தகும்.

அந்த ஸ்பானியக் காசு வணிகத்தோடு நம் கரைக்கும் வந்தது. மலாய் மக்கள் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. அதன் விளிம்பைப் பார்த்தனர். பல் பல்லாக வெட்டிய விளிம்புடையது என்னும் பொருளில் ‘ரிங்கிட்’ என்றனர். 1975ஆம் ஆண்டில் அதுவே மலேசிய நாணயத்தின் அதிகாரப் பெயராயிற்று.

நம்மவரோ உலோகத்தைப் பார்த்து ‘வெள்ளி’ என்றனர். விகுதி ஏதுமின்றி உலோகத்தின் பெயர் அதனாற் செய்த காசுக்கு ஆகி வந்தமையின், இது ஆகுபெயரே. தாள் நோட்டை வெள்ளி என்பது பிழையன்றோ எனச் சிலர் கேட்பதுண்டு. தாள் நோட்டில் பள்ளத்தாக்கும் இல்லை, பல் விளிம்பும் இல்லை. மற்ற இரு பெயர்களும் வழங்கவில்லையா? மாணவர் கட்டுரையில் ‘பத்து வெள்ளி’ என்று எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையைத் தொடவேண்டுவதில்லை.