ரசாயனம் தடவிய நோட்டு எப்படி வேலை செய்கிறது?

லஞ்சம் வாங்கிய அலுவலர் கையும் களவுமாகப் பிடிபட்டதாகச் செய்தி வந்தால், 'ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகள்' என்ற சொல் பெரும்பாலும் அதில் இருக்கும். அது என்ன ரசாயனம்? ஆரத்தி கரைக்கத் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

மஞ்சள் கரைத்த தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கும். அதில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்துவிடும். லஞ்ச ஒழிப்புப் போலீஸ் வைக்கும் பொறியும் இதே கணக்குதான். மஞ்சளுக்குப் பதில் பினாப்தலீன் என்ற வெள்ளைப் பொடி. சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா கரைத்த தண்ணீர்.

முதலில் புகார். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1964-இல் தொடங்கிய ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. பட்டா மாற்ற 5,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று ஒருவர் அங்கே எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகாந்திரம் இருந்தால் வழக்குப் பதிவாகும்.

அடுத்து, வேறு துறை அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். அவர்கள் முன்னால் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு பொடி தடவுவார்கள். நோட்டைத் தொட்ட விரலைச் சோடாத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். இது ஒத்திகை.

பிறகு புகார்தாரர் அந்த அலுவலகத்துக்குப் போவார். ஒரு சாட்சியும் கூடப் போவார். அலுவலர் கேட்டால் மட்டுமே பணத்தை எடுக்க வேண்டும். பணம் கைமாறியதும் பேசிவைத்த சைகையைக் காட்டுவார். வெளியே காத்திருக்கும் குழு உள்ளே நுழையும். வலது கை விரல்களையும் இடது கை விரல்களையும் தனித்தனிச் சோடாத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். பணம் சட்டைப் பையில் இருந்தால் பையையும் நனைப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

தண்ணீர் சிவந்தால் தண்டனை உறுதியா? இல்லை. அந்தக் கை அந்த நோட்டைத் தொட்டது என்பதைத்தான் நிறம் சொல்லும். ஏன் தொட்டது என்று சொல்லாது. கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வந்தது என்று அவர் சொல்லலாம். லஞ்சம் கேட்டது, வாங்கியது இரண்டும் நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால்தான் கூடப் போகும் சாட்சி, பேச்சு காதில் விழும் தூரத்தில் நிற்கப் பார்ப்பார். பொடிக்குக் கேட்காதது அவருக்குக் கேட்க வேண்டும்.

அதன்பின் வழக்குத் தொடர உரிய அதிகாரியின் அனுமதி, சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம்.

லஞ்சம் கொடுப்பதும் குற்றமாயிற்றே, புகார்தாரர் மாட்டிக்கொள்வாரா? மாட்டார். போலீஸிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவக் கொடுப்பவருக்கு 2018 சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. கட்டாயத்தால் முன்பே கொடுத்துவிட்டவருக்கும் வழி உண்டு: 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். எனவே, கொடுத்துத் தொலைத்தாயிற்று என்று சும்மா இருந்துவிடாமல், அந்த வாரத்துக்குள்ளேயே போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.