புது லேப்டாப் – 5: 48 இலக்கங்கள்

அப்டேட்டுகளை முடித்துவிட்டு, மெஷினோடு கூடவே வந்த வேண்டாத மென்பொருள்களை நீக்கச் சொல்லியிருந்தேன். செய்திருப்பீர்கள். இந்த வாரம் ஆன்டிவைரஸ். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்தாக வேண்டும்.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், பெரும்பாலான புது மெஷின்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. நல்ல காரியம்தான். லேப்டாப் ரயிலில் திருடு போனாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் படிக்க முடியாது. ஆனால் இந்தப் பூட்டுக்குத் திருடனும் ஒன்றுதான், சொந்தக்காரரும் ஒன்றுதான். மதர்போர்டு மாற்றினால், சில சமயம் பயாஸ் அப்டேட் ஆனால்கூட, திரையில் பிட்லாக்கர் (இந்தப் பூட்டின் பெயர் அதுதான்) ரெகவரி கீ கேட்கும். 48 இலக்கம். அது கையில் இல்லையென்றால் கல்யாண போட்டோக்கள், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் போச்சு. தொலைந்த கீயை மைக்ரோசாப்டாலேயே திரும்ப உருவாக்கித் தர முடியாது.

இந்த 48 இலக்கத்துக்குள் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான்.

கீயை 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகளாகக் காட்டுவார்கள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். உதாரணத்துக்கு 285714 என்று ஒரு தொகுதியை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் படித்த சோதனையைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக 2, 5, 1 கூட்டினால் 8. மிச்சமுள்ள 8, 7, 4 கூட்டினால் 19. வித்தியாசம் 11, வகுபடுகிறது. இப்போது 7-ஐ 1 என்று தட்டிவிட்டீர்கள்: 285114. வித்தியாசம் 5, மாட்டிக்கொண்டது. 57-ஐ 75 என்று மாற்றித் தட்டினீர்கள்: 287514. வித்தியாசம் 7, அதுவும் மாட்டிக்கொண்டது. எந்த ஓர் இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும், 11 விடவே விடாது. எண்களைத் தட்டும்போது நம் விரல்கள் வழக்கமாகச் செய்கிற தப்புகள் இந்த இரண்டும்தானே!

உள்ளே நடப்பது இதுதான். 128 பிட் ரகசியத்தை 16 பிட் வீதம் எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 11-ஆல் பெருக்குகிறார்கள். 16 பிட்டில் அடங்கும் எண்கள் 65,536. அதை 11-ஆல் பெருக்கினால் 7,20,896. எந்தத் தொகுதியும் அந்த அளவை எட்டாது. ஆகவே நீங்கள் எழுதி வைத்ததில் ஒரு தொகுதி 8-லோ 9-லோ தொடங்கினால், நகல் எடுத்ததில் பிழை என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை அது. கை தவறும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தத் தவறுக்கும் காவல் போட்ட இவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். என்கிரிப்ட் ஆன மெஷின்களைச் சரிசெய்ய, ஐடி ஊழியர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து இந்த 48 இலக்கத்தைத் தட்ட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கிராண்ட் தார்ன்டன் நிறுவனத்தார் மட்டும் கீக்களை பார்கோடாக மாற்றி, கடைகளில் பில் போடும் ஸ்கேனரால் படிக்கவைத்தார்கள். ஸ்கேனரை மெஷின் ஒரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குச் சட்டென்று தோன்றியிருக்கிறது!

உங்களுக்கு ஸ்கேனர் வேண்டாம். 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று போய், அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால், பிரவுசரில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் ரெகவரி கீயைத் தேடுங்கள். அதோடு 'கீ ஐடி' என்று ஒன்று இருக்கும். அதன் முதல் 8 எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இரண்டு மூன்று லேப்டாப் இருந்தால் எது எதனுடையது என்பதை அதுதான் சொல்லும். எழுதிய காகிதம் லேப்டாப் பையில் இருக்கக் கூடாது. பத்திரங்கள் வைக்கும் பீரோவுக்குப் போகட்டும்.

கடைக்காரரே ஒரு புது மெயில் ஐடி போட்டு லேப்டாப்பைத் தயார்செய்து கொடுத்திருந்தால், கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். பாஸ்வேர்டை இன்றே கேட்டு வாங்கி, உடனே மாற்றிவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் அடுத்த வாரம். காசு கொடுத்து வாங்க வேண்டுமா, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா என்று பார்ப்போம். அதற்குள் இந்த 48 இலக்கம் உங்கள் பீரோவுக்குள் போய்விட வேண்டும்.