முகர்ந்து மயங்கும் சிறுவரும் நமது திருப்பணியும்

போதைப் பொருள் என்றவுடன் மதுவும் கஞ்சாவும் நம் நினைவிற்கு வருகின்றன. பள்ளிப் பருவத்தினரிடையே காணப்படும் வேறொரு பழக்கமோ பெரும்பாலும் நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர், பெட்ரோல், எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவம் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்து மயக்கங்கொள்ளும் பழக்கத்தையே குறிப்பிடுகிறோம். இவை விலை மலிந்தவை. வீட்டிலும் கடையிலும் எளிதிற் கிடைப்பவை.

இது தெருவோரச் சிறுவரின் பழக்கமென ஒதுக்குவோர் நம்மில் உளர். 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு பெரும்பாலும் வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்டதாகும். அதன்படி, வயதுவந்தோரைவிடச் சிறுவரிடம் மிகுந்து காணப்பட்ட ஒரே போதைப் பொருள்வகை இதுவே: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, வயதுவந்தோரில் 0.58 விழுக்காடு. இதனால் உதவி தேவைப்படும் சிறுவர் 4.6 இலட்சம் எனவும் மதிப்பிடப்பட்டது. தின்னரையும் வெள்ளைத் திரவத்தையும் புட்டிகளில் அடைத்துச் சில்லறையாக விற்பதை அரசு 2012-இல் தடைசெய்தது உண்மையே. ஆயினும் பெட்ரோலுக்கும் பசைக்கும் தடை விதிக்க இயலுமோ?

முகர்ந்த ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளையை அடைகிறது. டொலுயீன் போன்ற கரைப்பான்கள் நரம்புகளைப் போர்த்தியுள்ள கொழுப்புறையை நாளடைவில் சிதைத்து, நினைவாற்றலையும் நடையையும் கெடுக்கின்றன. இதனினும் கொடியது திடீர் மரணம். இவ்வாவி உட்சென்ற இதயம் அட்ரினலின் சுரப்பைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. அந்நேரத்தில் அச்சமோ ஓட்டமோ நேரிடின் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். முதன்முறை முகர்பவனுக்கும் இது நேரலாம். அமெரிக்க மருத்துவர் மில்லர்டு பாஸ் இத்தகைய 110 மரணங்களை ஆராய்ந்து 1970-லேயே எழுதியுள்ளார்.

ஆகவே, விடுதியின் பின்புறத்தில் ஒரு சிறுவனை இந்நிலையிற் காணும் ஆயரோ காப்பாளரோ உரத்து அதட்டுவதும் பிரம்புடன் துரத்துவதும் அவன் உயிரையே பறிக்கக்கூடும். நம் விடுதிகள் நன்கறிந்த முறை அதுவாகவே இருப்பது வருந்தத்தக்கது. அமைதியாகப் பேசி, அப்பொருளை அகற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் அவனை அமரச் செய்ய வேண்டும். நினைவிழந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, உடனிருக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் உதவி வரும்வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்தல் வேண்டும். விசாரணை மறுநாளைக்கு ஆகட்டும்.

அவ்விசாரணையும் எத்தகையது? மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், துன்புற்ற மகனைத் தகப்பன் கொண்டுவந்திருக்க, சீடரைச் சூழ்ந்து வேதபாரகர் தர்க்கம் நடத்திக் கொண்டிருந்தனர். ஆண்டவரோ இத்துன்பம் எவ்வளவு காலமாக உள்ளது என்று தகப்பனிடம் கேட்டறிந்தார். அவ்வினாவிற் குற்றச்சாட்டு இல்லை. பசியை மறக்கவோ, வீட்டுச் சண்டையை மறக்கவோ, தோழரின் கேலிக்கு அஞ்சியோ சிறுவன் இதனை நாடியிருக்கலாம். காரணம் அறியுமுன் பிரசங்கம் தொடங்குவோர் சீடரின் கூட்டத்தில் நிற்பவரே.

தடுத்தலைப் பொறுத்தவரை, இப்பொருட்களின் பட்டியலையும் முகரும் முறையையும் பிரசங்க பீடத்திலிருந்து விவரித்தல் கூடாது. அது சிறுவருக்குப் பாடமாகவே முடியும். ஞாயிறு பள்ளிச் சிறாரிடம் 'போதை' என்னும் சொல்லையே தவிர்த்து, 'நஞ்சு' என்று கூறுதல் நலம். போதை ஆவலைத் தூண்டும், நஞ்சு தூண்டுவதில்லை. பெற்றோருக்கும் ஆசிரியருக்குமோ அடையாளங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மூச்சிலும் உடையிலும் இரசாயன நெடி, வாயைச் சுற்றிப் புண், சிவந்த கண், தள்ளாடும் நடை, பசியின்மை.

நம் ஆலய வளாகங்களையும் நோக்குவோம். கிறிஸ்துமஸுக்கு வண்ணம் பூசிய பின் மிஞ்சிய தின்னரும் ஜெனரேட்டருக்கான பெட்ரோலும் பூட்டில்லா அறையிற் கிடப்பது வழக்கமன்றோ? அவற்றைப் பூட்டிவைப்பதும், விடுமுறை வேதாகமப் பள்ளியின் கைவேலைக்கு நீரிற் கரையும் பசையை வாங்குவதும் எவ்வளவு சிறிய செலவு!

பழக்கம் முற்றிய சிறுவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டிலேயே ஆபத்து இருப்பின் சிறுவர் உதவி எண் 1098 உண்டு. மீண்டுவரும் மாதங்களில் அவன் பலமுறை தவறக்கூடும். அத்தனை முறையும் அவனுக்கு விடுதியில் இடமிருக்க வேண்டும். சபைக் குழுவின் குறிப்பேட்டில் அவன் பெயர் ஏற வேண்டியதில்லை.