மலிவான ஸ்ப்ரே கன், ஈரமான காற்று: வீட்டில் மோட்டார் சைக்கிளுக்குச் சாயம் பூசுதல்

மலேசியாவில், பங்சாரின் வரிசை வீடுகளிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் உழைக்கும் குடும்பங்களின் அன்றாட வாகனமாக இருப்பது கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளாகும். ஹோண்டா இஎக்ஸ்5, மொடெனாஸ் கிரிஸ் போன்ற வண்டிகளின் இயந்திரம் பல்லாண்டு ஓடினாலும், வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்குவதால் அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் அதற்கு முன்பே வெளுத்துவிடுகின்றன. அவற்றுக்குத் தாமே சாயம் பூச விரும்புவோர் முதலில் கேட்பது எந்த ஸ்ப்ரே கன் மலிவானது என்பதைத்தான். ஆயினும் பூசப்படும் பாகத்தின் அளவு, காற்றைத் தரும் கம்ப்ரசரின் திறன், அக்காற்றில் கலந்துள்ள ஈரம் ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே அக்கேள்விக்குப் பயனுள்ள விடை கிடைக்கும்.

ஸ்ப்ரே கன் என்பது வேகமாக வெளியேறும் காற்றின் துணையால் சாயத்தை நுண்துளிகளாக உடைத்துத் தெளிக்கும் கருவியாகும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மருத்துவர் ஆலன் டிவில்பிஸ் 1888-ஆம் ஆண்டு தொண்டைக்கு மருந்து தெளிக்க உருவாக்கிய கருவியின் தத்துவத்தையே அவருடைய மகன் தாமஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாயத்துக்கும் பயன்படுத்தினார். துளி எவ்வளவு நுண்ணியதாகவும் சீரானதாகவும் இருக்கிறதோ, அவ்வளவு வழுவழுப்பாகப் பூச்சு அமையும்.

சாயக் கிண்ணம் மேலே அமைந்து, சாயம் தன் எடையாலேயே இறங்கும் வகை, கீழுள்ள கிண்ணத்திலிருந்து சாயத்தை உறிஞ்சும் வகையைவிடச் சிறு வேலைகளுக்கு ஏற்றது. அதில் குறைந்த காற்றழுத்தமே போதும், கிண்ணத்தின் அடியில் சாயமும் வீணாகத் தங்குவதில்லை. எச்விஎல்பி எனப்படும் வகையில் காற்று மிகுந்த அளவிலும் குறைந்த அழுத்தத்திலும் வெளியேறுகிறது. முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐ அளவைத் தாண்டாததால் சாயம் பாகத்தில் பட்டுத் தெறிப்பது குறைகிறது. இத்தகைய கன்களில் குறைந்தது 65 விழுக்காட்டுச் சாயமாவது பாகத்தில் படிய வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விதிகள் எதிர்பார்க்கின்றன.

கார்ப் பட்டறைகளில் பயன்படும் முழு அளவு கன், ஏறத்தாழ ஒரு சாண் தொலைவிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலத்துக்குச் சாயத்தை விசிறுவதால், கப்சாயின் குறுகிய வளைந்த உறைகளில் பெரும்பகுதி பாகத்தைத் தாண்டி வீணாகிறது. எனவே 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர் துளையும் 125 மில்லிலிட்டர் அளவிலான கிண்ணமும் கொண்ட மினி கன் இவ்வேலைக்கு மிகப் பொருந்தும். கெட்டியான பிரைமருக்கு மட்டும் 1.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட துளை தேவைப்படுகிறது. ஆசியக் கடைகளில் பரவலாகக் காணப்படும் ஜப்பானிய இவாட்டா டபிள்யூ-71 மாதிரியின் மலிவான நகல்களும், சுவருக்கும் வேலிக்கும் உரிய மின்சாரக் கைத்தெளிப்பான்களும் விலையால் ஈர்க்கக்கூடும். முன்னதை நல்ல முனையுடன் பார்த்து வாங்கினால் பயன்படுத்தலாம். பின்னதோ பருத்த துளிகளையே தருவதால் மோட்டார் சைக்கிளின் பளபளப்பான பூச்சுக்கு ஏற்றதன்று.

கன்னின் விலையைவிடக் கம்ப்ரசரே செலவைத் தீர்மானிக்கிறது. ஒரு குதிரைத்திறன் கொண்ட கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் காற்றையே உண்மையில் தரும். முழு அளவு எச்விஎல்பி கன் 250 லிட்டருக்கும் மேல் கேட்பதால், அத்தகைய கம்ப்ரசரில் அழுத்தம் இறங்கி, துளிகள் பருத்து, பூச்சு ஆரஞ்சுத் தோல்போல் கரடுமுரடாகிவிடும். மினி கன்னின் தேவை அதில் பாதிக்கும் குறைவாக இருப்பதால், வீட்டுச் சாக்கெட்டிலேயே ஓடும் சிறு கம்ப்ரசருடன், பாகம் பாகமாக நிறுத்திப் பூசினால் வேலை நிறைவேறும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகுந்த கவனத்துக்குரியது ஈரமேயாகும். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி உள்ளது. அக்காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால், ஏறத்தாழ 20 கிராம் நீர் துளிகளாகப் பிரிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 120 லிட்டர் காற்றை அரை மணி நேரம் பயன்படுத்தும்போது 70 கிராம் அளவுக்கு நீர் உருவாகிறது; அது கன்வழியே வெளிவந்தால் பூச்சில் மீன்கண் போன்ற குழிகளும் கொப்புளங்களும் தோன்றும். ஆதலால் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிப்பதும், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருடன் நீர்ப்பிரிப்பானைப் பொருத்துவதும் இன்றியமையாதவை. நீர்ப்பிரிப்பான் திரண்ட துளிகளை மட்டுமே பிடிக்கும் என்பதால், கம்ப்ரசரின் வாயருகே வைக்காமல், சூடான காற்று சில மீட்டர் குழாயில் ஓடிக் குளிர்ந்த பின் அது வருமாறு அமைக்க வேண்டும்.

வெளிக்காற்றின் ஈரமும் சாயத்தைக் கெடுக்கும். விரைவில் ஆவியாகும் தின்னர், பூசிய பரப்பைச் சில பாகை குளிர்விக்கிறது; இங்குள்ள காற்றில் நான்கு பாகை குளிர்ந்தாலே பரப்பில் பனி படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். இதைத் தவிர்க்க, மெதுவாக உலரும் தின்னரைத் தேர்ந்து, காலை ஈரம் தணிந்த பின்னும் பிற்பகல் இடிமழைக்கு முன்னும் உள்ள நேரத்தில் பூசுவது நல்லது.

கடையில் கன்னைத் தேரும்போது முனையும் ஊசியும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையா, ஊசி தடையின்றி நகர்கிறதா, மாற்று வளையங்கள் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். வாங்கிய பின் முதலில் காகிதத்தில் தெளித்துப் பார்க்கலாம். நீள்வட்டமாகச் சீராகப் படிந்தால் கன் நன்றாக உள்ளது. பிறைபோல் ஒரு பக்கம் வளைந்தால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. நடுவில் பிளந்தால் சாயத்தின் அளவுக்கு மீறிக் காற்றழுத்தம் மிகுதியாக உள்ளது.

உடல்நலத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 2கே எனப்படும் இருபாகச் சாயங்களின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அதனால் ஒருமுறை பாதிக்கப்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரலாம். துணி முகக்கவசம் இதற்கு எவ்விதக் காப்பும் அளிக்காது. பட்டறைகளில் தூய காற்றைத் தனிக் குழாயில் தரும் கவசமே உரிய முறையாகும். ஆகவே நெருக்கமான குடியிருப்புகளில், கரிம ஆவியை வடிகட்டும் கவசம் அணிந்து, நிறப்பூச்சு வரை ஒருபாகச் சாயத்தால் முடித்துக்கொண்டு, பெட்ரோலைத் தாங்கும், கிளியர் எனப்படும் நிறமற்ற 2கே மேற்பூச்சைச் சாய நிறுவனம் குறித்த நேரத்துக்குள் பட்டறையில் பூசச் செய்வது அறிவுடைமை. தீப்பொறி எழுப்பும் கம்ப்ரசரைத் தின்னர் ஆவியிலிருந்து தொலைவில் வைப்பதும், அண்டை வீட்டாரின் துணிகளும் கார்களும் இருக்கும் திசையை நோக்கிப் பூசாதிருப்பதும் கடமையாகும்.

ஒரே ஓர் உறைக்கு மட்டும் சாயம் வேண்டுமானால், ஜொகூரில் தோன்றிய சாமுராய் போன்ற நிறுவனங்களின் தெளிப்புக் குப்பியே மொத்தச் செலவில் குறைவாக இருக்கும். அதன் 2கே வகைக்கும் மேற்சொன்ன எச்சரிக்கை பொருந்தும். வண்டியின் நிறத்தையே மாற்றுவோர் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பல பாகங்களைப் பூசி, பின்னரும் பயன்படுத்த விரும்புவோர் முதலில் சுவாசக் கவசத்துக்கும் அடுத்து நீர்ப்பிரிப்பானுடன் கூடிய கம்ப்ரசருக்கும் பணம் ஒதுக்கி, எஞ்சியதில் ஓர் எளிய மினி கன்னை வாங்கினால், அந்த மலிவான கன்னே நிறைவான பூச்சைத் தரும்.